யாருக்கும் வேண்டாத நிலமும் ஒரு கல்கௌதாரியும்

உலகத்தில் உரியவர் இல்லாத நிலம் ஒரு சாண்கூடக் கிடையாது என்று நன்றாகப் படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது கண்டிக்கத்தக்க பிழை. இந்தப் பிழையோடு பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள். உடனே சிலர் கையை உயர்த்தி அண்டார்க்டிகாவைச் சொல்வார்கள். அண்டார்க்டிகாவுக்கு ஏழு நாடுகள் உரிமை கோரியிருக்கின்றன. அவற்றில் சில கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. அங்கேயும் யாரும் உரிமை கோராத ஒரு துண்டு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது பனி. இங்கே பேச்சு மண்ணைப் பற்றியது.

எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவில் பீர் தாவில் என்று ஓர் இடம் இருக்கிறது. நெடிய கிணறு என்று பொருள். பரப்பில் சென்னை மாநகராட்சியைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அது சூடானுடையது என்கிறது எகிப்து. அது எகிப்துடையது என்கிறது சூடான். ஒரு முழ வரப்புக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுப் படி ஏறுகிற நமக்கு இது சட்டென்று விளங்காது. வெள்ளைக்காரர்கள் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு கோடு போட்டதால் வந்த வினை என்பார்கள் வரலாற்று ஆசிரியர்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் பாதியிலிருந்து சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில், விலங்குக்கும் பறவைக்கும் பேச்சு இருந்த நாளில், அந்தப் பாலையில் கோடே கிடையாது. வடக்கே மலையடிவாரத்தில் காட்டாடுகள் வாழ்ந்தன. தெற்கே மணல்வெளியில் ஒட்டகங்கள். நடுவில் நெடுங்கிணறு. கயிறும் வாளியும் கொண்ட கிணறு அல்ல அது; ஒட்டகமே இறங்கிப் போகும்படி சுற்றிச் சுற்றிச் சரிவாக வெட்டிய பெருங்குழி. அடியில் தண்ணீர் கருநீலமாகத் தெரியும்.

வரகன் என்ற கல்கௌதாரிப் பறவை பிறந்தது அந்தக் கிணற்றின் விளிம்பில்தான். வரகு நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். குஞ்சாக இருந்தபோது அவன் கண்டதெல்லாம் மாலை நேரத்துக் கூட்டம்தான். ஒட்டகங்கள் முழங்காலை மடித்து உட்கார்ந்து அசைபோடும். காட்டாடுகள் தாடியை நனைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசும். கிணற்றில் ஒரு வழக்கம் இருந்தது. யார் அதிக தூரத்திலிருந்து வந்தார்களோ அவர்களுக்கே முதல் மடக்கு. அதனால் எல்லோரும் தாங்கள் வந்த தூரத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்வார்கள். கேட்பவர்களுக்கு அது பொய் என்று தெரியும்; ஆனாலும் வழிவிடுவார்கள். பிற்காலத்தில் வரகனுக்கு அந்தத் தண்ணீரின் ருசியைவிட அந்தப் பொய்களே அதிகம் நினைவுக்கு வந்தன.

வினை கிழக்கிலிருந்து வந்தது. கிழக்கே கடலோரம், மூடுபனியில் புல் முளைக்கிற நிலம் ஒன்று, முக்கோணமாக. ஒரு பஞ்சத்தில் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தன. வாய்ச்சண்டை கொம்புச்சண்டை ஆயிற்று. கடைசியில் எல்லை போட்டுவிடலாம் என்று முடிவாகி, நெருப்புக்கோழியைக் கூப்பிட்டார்கள்.

நெருப்புக்கோழி மேற்கே தொடங்கி, தலையைத் தூக்கி, எதையும் பார்க்காமல், கடல்வரை நேராக ஓடியது. அதன் காலடித் தடம்தான் எல்லை. அந்தக் கோட்டின்படி கடலோர முக்கோணம் காட்டாடுகளுக்கு, நெடுங்கிணறு ஒட்டகங்களுக்கு.

"ஓடத் தெரிஞ்சவனைக் கூப்பிட்டீங்க, பார்க்கத் தெரிஞ்சவனைக் கூப்பிடல," என்று ஒட்டகங்கள் முணுமுணுத்தன. மூன்று ஆண்டு கழித்து முள்ளெலியை வரவழைத்தார்கள். முள்ளெலி பொறுமைசாலி. யார் எங்கே மேய்கிறார்கள், யார் எங்கே குட்டி போட்டார்கள் என்று ஒவ்வொரு புதராக விசாரித்துக்கொண்டே நடந்தது. அதனால் அதன் கோடு வளைந்து வளைந்து போயிற்று. அந்தக் கோட்டின்படி கடலோர முக்கோணம் ஒட்டகங்களுக்கு, நெடுங்கிணறு காட்டாடுகளுக்கு.

காட்டாடுகள் நேர்க்கோடே செல்லும் என்றன. ஒட்டகங்கள் வளைந்த கோடே செல்லும் என்றன. அதற்குப் பிறகு கிணற்றடியில் கூட்டம் கூடவில்லை. காட்டாடுகளுக்கு வடக்கே ஒரு சுனை இருந்தது, ஒட்டகங்களுக்குத் தெற்கே ஒரு குட்டை. கிணறு கல்கௌதாரிகளுக்கு மட்டும் மிச்சமானது. அவற்றிலும் பல குடும்பங்கள் கிளம்பிவிட்டன. வரகன் மட்டும் போகவில்லை. அவனுடைய மனைவி செம்பி மூன்று முட்டைகளோடு கிணற்றோரத்தில் அடை இருந்தாள்.

முட்டை பொரிய ஐந்து நாள் இருக்கும்போது மணற்புயல் வந்தது. செம்பி இறகை விரித்து முட்டைகளைக் காப்பாற்றினாள். கிணற்றைக் காப்பாற்ற யாருமில்லை. காற்று அடங்கியபோது கிணறு இருந்த இடத்தில் ஒரு லேசான பள்ளம்தான் இருந்தது.

"நமக்குப் பரவாயில்லைங்க, பறந்து போய்க் குடிச்சுட்டு வரலாம்," என்றாள் செம்பி. "குஞ்சுக்கு ஒரு மாசம் இறகு வராது. காஞ்ச விதையைத் தின்னுட்டுத் தண்ணியில்லாம எத்தனை நாள் தாங்கும்?"

"தூர் வாரச் சொல்றேன்," என்றான் வரகன். "எல்லாரும் குடிச்ச கிணறுதானே. சொன்னா வராமலா போவாங்க?"

வடக்கே காட்டாடுகளின் தலைவர் கொம்பையா சுனையருகே பாறைமேல் நின்றிருந்தார். கொம்பு முதுகைத் தொடும் வயது. நெடுங்கிணறு என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"அடடா, அந்தத் தண்ணி! உங்கப்பன் ஒரு தடவை கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர்றேன்னு சொல்லி எனக்கு முன்னாடி குடிச்சான்டா. கடலுக்கு அந்தப் பக்கம்! நான் பேசாம வழி விட்டேன்."

"அந்தக் கிணறு தூர்ந்துபோச்சு ஐயா. நாலு பேர் வந்தா ஒரே நாள்ல மண்ணை எடுத்துடலாம்."

கொம்பையா தாடியை இழுத்துவிட்டுக்கொண்டார். "வந்துடலாம். ஆனா வழக்கம் உனக்கே தெரியும். கிணத்தைத் தூர் வாரினவன் எவனோ, நிலம் அவனுக்கு. நாங்க வந்து காலை வெச்சோம்னா நிலம் எங்களுது ஆயிடும்."

"ஆகட்டுமே ஐயா!"

"எங்களுதுன்னா எந்தக் கோட்டுப்படி எங்களுது? வளைஞ்ச கோட்டுப்படி. வளைஞ்ச கோட்டை ஒத்துக்கிட்டா கடலோரம் யாருக்குப் போகும்?" அவர் குரல் தாழ்ந்தது. "கிணத்து நிலம் ஒட்டகத் தலைவி மேட்டம்மாவோடதுடா. அவங்களையே கேளு. நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு."

தெற்கே ஒட்டகத் தலைவி மேட்டம்மா குட்டையோரம் படுத்திருந்தாள். அவளும் முதலில் பெருமூச்சுதான் விட்டாள்.

"என் மூத்தவ பொறந்ததே அந்தக் கிணத்துச் சரிவுலதான் ராசா. கொம்பையா அன்னைக்குத் தன் பங்குத் தண்ணியை எனக்கு விட்டுக்கொடுத்தார். தங்கமான மனுஷன்."

"அப்போ வாங்கம்மா, தூர் வாரலாம்."

"அதெப்படி? நாங்க தூர் வாரினா நேர்க்கோட்டை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நேர்க்கோடுன்னா கடலோரம் அவங்களுக்கு. கிணறு கொம்பையாவோடது. அவரோடதை நான் எடுத்துக்கலாமா? மரியாதையா இருக்குமா?"

இப்படி இரண்டு நாள் வரகன் வடக்கும் தெற்குமாகப் பறந்தான். இரண்டு பக்கமும் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பழங்கதை சொன்னார்கள், நிலத்தை மட்டும் மற்றவருக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்தார்கள். அவ்வளவு தாராளத்தை அந்தப் பாலை அதற்கு முன் கண்டதில்லை.

மூன்றாம் நாள் இருவரையும் கெஞ்சிக் கூட்டிவந்துவிட்டான். கொம்பையா நேர்க்கோட்டுக்கு வடக்கே நின்றார். மேட்டம்மா வளைந்த கோட்டுக்குத் தெற்கே நின்றாள். நடுவில் கிணற்று நிலம். இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சௌக்கியமா மேட்டம்மா?"

"இருக்கேன் ஐயா. தாடி நரைச்சுப்போச்சே!"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாருங்களேன்," என்றான் வரகன். "அப்போ யாருக்கும் நிலம் தனியா சேராது இல்ல?"

இருவரும் யோசித்தார்கள். பிறகு கொம்பையா, "அப்போ ரெண்டு பேருமே கடலோரத்தை விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடும்," என்றார். மேட்டம்மா, "ஐயா சொல்றது சரி," என்றாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அந்த மகிழ்ச்சியோடு இருவரும் திரும்பிப் போனார்கள்.

வரகன் கிணற்றுப் பள்ளத்தில் இறங்கினான்.

"என்ன செய்யறீங்க?" என்றாள் செம்பி.

"நானே வாரறேன்."

"நீங்களா? அப்போ இந்த நாடு நம்மளுதா?" செம்பிக்குச் சிரிப்பு வந்தது. "மகாராணி முட்டைமேல உட்கார்ந்திருக்கேன், சீக்கிரம் தோண்டுங்க."

அலகால் கொத்தினான். காலால் பறித்தான். பிறகு மார்பை மணலில் அழுத்தி, கலப்பையைப் போல முன்னால் தள்ளிக்கொண்டு போனான். ஒரு பிடி தள்ளினால் காற்று இரண்டு பிடி கொண்டுவந்து போட்டது. மூன்று நாள் அப்படியே உழைத்தான். முடிவில் பள்ளம் அவன் உயரத்துக்கு ஆழமாக இருந்தது. அவன் உயரம் ஒரு சாண். மார்பில் எண்ணெய்ப் பளபளப்போடு படிந்திருந்த இறகெல்லாம் பொலிவிழந்து, சிலிர்த்து, பழைய கம்பளிபோல் ஆகியிருந்தது.

அன்று முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகள். ஒரு மணி நேரம் கழிவதற்குள் எழுந்து நடந்தன, கீழே கிடந்த விதைகளைக் கொத்தின. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகச் செம்பியின் நிழலில் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. கடைசிக் குஞ்சு நிற்கவில்லை, படுத்துக்கொண்டது.

வரகன் வடக்கே பறந்தான். சுனைக்கு அன்று காவல் இருந்தவர் கொம்பையாவின் மைத்துனர், கறுப்புத்தாடிக்காரர். விதி தெரிந்தவர்.

"குடி, எவ்வளவு வேணும்னாலும் குடி," என்றார். "ஆனா ஒரு சொட்டுகூடக் கொண்டு போகக் கூடாது. எங்க தண்ணி அந்த நிலத்துக்குப் போனா, அந்த நிலத்தை நாங்க பராமரிக்கிறோம்னு ஆயிடும்."

வரகன் வாய் நிறைய அள்ளிக்கொண்டு கிளம்பினான்.

"சௌக்கியமா?" என்றார் காவல்காரர்.

மரியாதைக்காரனான வரகன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். தண்ணீர் பாறையில் கொட்டியது.

"அதான் கேட்டேன்," என்றார் அவர்.

வெயிலும் தூசியும் வரகனின் மார்பில் எரிந்தன. குளிர்ச்சிக்காக உள்ளே இறங்கினான். வழக்கமாகப் பறவையின் இறகில் தண்ணீர் நிற்காது, உருண்டு ஓடிவிடும். அன்று ஓடவில்லை. மணலில் தேய்ந்து எண்ணெய் போன இறகு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. மார்பு கனத்தது. வரகன் அசையாமல் நின்றான். பிறகு முன்னும் பின்னும் மெல்ல ஆடினான், தொட்டிலில் கிடப்பவன்போல, ஒவ்வொரு இறகும் நனையும்வரை.

கரையேறியபோது கறுப்புத்தாடிக்காரர் வழியை மறித்தார். "இது என்ன?"

"குளிச்சேன்."

"சொட்டுதே!"

"குளிச்சா சொட்டும்தான்."

"வாயில கொண்டு போறதுக்கும் மார்ல கொண்டு போறதுக்கும் என்னடா வித்தியாசம்? இரு, மச்சானைக் கூப்பிடறேன்."

ஒவ்வொரு சொட்டும் பாறையில் விழுந்து அப்போதே காய்ந்தது. வரகன் மார்பை இறுக்கிக்கொண்டு நின்றான். கொம்பையா நிதானமாகத்தான் வந்தார். பறவையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். அதன் காலடியில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். தெற்கே, நெடுங்கிணறு இருந்த திசையைப் பார்த்தார்.

"எங்கிருந்துடா வர்றே?" என்றார் திடீரென்று.

"கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐயா," என்றான் வரகன்.

கொம்பையா ஒதுங்கி வழிவிட்டார். "குளிக்கக் கூடாதுன்னு எந்தக் கோட்டுலயும் சொல்லல," என்றார் மைத்துனரிடம்.

வரகன் சிறகு வலிக்கப் பறந்தான். வந்ததும் குஞ்சுகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று மார்பு இறகுகளை விரித்தான். இரண்டு குஞ்சுகள் ஓடிவந்து அலகை நுழைத்து உறிஞ்சின. கடைசிக் குஞ்சைச் செம்பி அலகால் தள்ளிக் கொண்டுவந்து அவன் காலடியில் விட்டாள். அது வெகுநேரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரு இறகு நுனியைக் கவ்விக்கொண்டது. கவ்வியதை விடவே இல்லை.

"எந்த ஊர்த் தண்ணிங்க இது?" என்றாள் செம்பி.

"எந்த ஊருதும் இல்ல. என் மேல இருந்தது."

அவள் ஒரு சொட்டை எடுத்து ருசி பார்த்தாள். "நம்ம கிணத்துத் தண்ணி மாதிரி இல்லை," என்றாள்.

"இல்லைதான்," என்றான் வரகன். குஞ்சுகள் குடித்துக்கொண்டிருந்தன; அவற்றுக்கு வேறு தண்ணீர் தெரியாது.

அன்று முதல்தான் நெடுங்கிணற்று நிலத்தை வடக்கே இருப்பவர்கள் தெற்கே இருப்பவர்களுடையது என்கிறார்கள், தெற்கே இருப்பவர்கள் வடக்கே இருப்பவர்களுடையது என்கிறார்கள். அன்று முதல்தான் ஆண் கல்கௌதாரி முதலில் மார்பை மணலில் தேய்த்துவிட்டு, தொலைவில் இருக்கும் நீரில் இறங்கி ஆடி நனைந்து, குஞ்சுகளுக்குத் தண்ணீர் சுமந்து வருகிறது. வழியிலேயே பாதி காய்ந்துவிடுகிறது. அதனால் மறுநாளும் போகிறது.