காய்ந்தது உள்ளே வரக்கூடாது

வேங்கைக்காட்டை ஆண்ட தென்னவராயருக்குப் புறா என்றால் உயிர். ஒரு சித்திரை மாதக் காலையில், பக்கத்து நாட்டுத் தூதருக்குத் தன் புறாக்களைக் காட்ட அரண்மனை மொட்டைமாடிக்கு ஏறினார். பறக்கிற புறாவை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தவர் கால் வைத்தது, அப்போதுதான் துணியில் ஊற்றியிருந்த கூழ்வடகத்தின் மேல். வழுக்கிக்கொண்டு போய் அதிலேயே உட்கார்ந்தார். பட்டு வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சீரகமும் மிளகாய் விழுதும். தூதர் பண்பானவர், சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை அரசர் பார்த்துவிட்டார்.

மாடியில் வடகம், வற்றல் போடுவதெல்லாம் செண்பகவடிவின் பொறுப்பு. அரண்மனைச் சமையற்கட்டும் களஞ்சியமும் அவள் கையில்தான் இருந்தன. பேச்சில் கெட்டிக்காரி. சபைக்குச் சிக்கலான வழக்கு வந்தால் அரசரே அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார். அவளுக்குக் கீழே நான்கு பெண்கள் கோடை முழுக்க வெயிலில் வெந்து, மழைக்காலத்துக்கு வேண்டியதை எல்லாம் காயவைத்துச் சேர்ப்பார்கள். அந்தக் கூலியில்தான் அவர்கள் வீட்டு உலை கொதித்தது.

அந்த மாடியில் பெரிய புறாக்கூண்டு ஒன்று கட்டி அரசரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் மணியக்காரர் கொழுந்தப்பர். அரசர் வேட்டி மாற்றிக்கொண்டு வருவதற்குள் வாசலில் போய் நின்றுகொண்டார். இந்த வற்றல் வேலையை அடியோடு நிறுத்த வேண்டும் என்று ஆரம்பித்தார். வற்றல் கூடாது என்றால் அவள் வடகம் என்பாள், வடகம் கூடாது என்றால் அப்பளம் என்பாள், ஆகவே சந்துபொந்து விடாமல் ஆணை போடுங்கள் என்று ஓதினார். கோபத்தில் இருந்த அரசர் சபையில் அப்படியே அறிவித்தார்.

"வெயிலில் காய்ந்தது எதுவும் இனி இந்த அரண்மனைக்குள் இருக்கக்கூடாது. உள்ளே வரவும் கூடாது."

அந்த நான்கு பெண்களும் தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வது செண்பகவடிவுக்குத் தெரிந்தது. கெஞ்சலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எதுவுமேவா, மகாராஜா?"

அரசர் வாய் திறப்பதற்குள் கொழுந்தப்பர் பதில் சொன்னார். "ஒரு துரும்புகூட."

அரசரும் தலையாட்டினார். அவள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் வற்றல் ஜாடிகள் எல்லாம் கோட்டை வாசலுக்கு வெளியே போய்விட்டன. அவற்றுக்குப் பின்னாலேயே இன்னும் பல வண்டிகள் போயின. கொழுந்தப்பர் மாடியில் கூண்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. போகும்போது அந்தப் பெண்களிடம், நாளைக்கு வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் அடுப்பு மூட்டுங்கள் என்று மட்டும் அவள் சொல்லி வைத்தாள்.

மறுநாள் மதியம் அரசர் சாப்பிட உட்கார்ந்தார். இலையில் வெள்ளரிக்காய்த் துண்டுகள், ஒரு வாழைப்பழம், பக்கத்தில் ஓர் இளநீர். சோறு எங்கே என்று கேட்டார். நெல் வெயிலில் காய்ந்ததாயிற்றே என்றாள் செண்பகவடிவு. பருப்பும் அப்படியே. மிளகு, மிளகாய், புளி, மல்லி எல்லாம் அப்படியே. வெள்ளரிக்காய்க்குக் கொஞ்சம் உப்பாவது போடச் சொன்னார். உப்பளத்தில் வெயிலில் காய்ந்துதானே உப்பு வருகிறது என்றாள். போகட்டும், பாலைக் காய்ச்சிக் கொண்டுவா என்றார். விறகு காய்ந்தது, மகாராஜா, பச்சை விறகு பற்றவில்லை என்றாள்.

அரசருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் நேற்று சபையில் சொன்ன சொல்லை இன்று விழுங்குவதா? வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு எழுந்தார். சாயங்காலம் தூதருக்கு விடைகொடுக்கும் சபை இருந்தது. குளித்துவிட்டுத் துவட்டத் துண்டு கேட்டார். சொட்டச் சொட்ட நனைத்த துண்டு வந்தது. வேட்டியும் சால்வையும் அப்படியே வந்தன. உடுப்புக்காரன், கொடியில் காய்ந்த துணி உள்ளே இருக்கக்கூடாதாமே, அதனால்தான் நனைத்து வைத்தேன் என்றான்.

ஈர வேட்டி காலோடு ஒட்ட, அரசர் ஜன்னலருகே வந்து நின்றார். அப்போது புளியமரத்தடியில் எண்ணெய் காய்ந்திருந்தது. கூழ்வடகம் பொரிகிற வாசனையும், பின்னாலேயே மோர்மிளகாய் வறுபடுகிற வாசனையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஜன்னல் வழியே உள்ளே வந்தன. போதாததற்கு அந்தத் தூதர், மரத்தடியில் கை நிறைய வடகத்தை வைத்துக்கொண்டு நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அரசர் செண்பகவடிவைக் கூப்பிட்டனுப்பினார். கொழுந்தப்பரும் கூடவே ஓடி வந்தார். அவர் வேட்டியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"போதும். அந்த ஆணை செல்லாது என்று ஓலை எழுதி வாசலில் கட்டச் சொல்" என்றார் அரசர்.

"ஓலை இல்லை, மகாராஜா. அதையும் காயவைத்துத்தானே எழுதுகிறோம்? ஒன்றுவிடாமல் வெளியே அனுப்பிவிட்டேன்."

"அப்படியானால் எப்படித்தான் இதை மாற்றுவது?"

செண்பகவடிவு அரசரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஜன்னலையும் ஒருமுறை பார்த்தாள்.

"வாயால் சொன்னால் போதும். இந்த அரண்மனையில் ஈரமாக இருக்க வேண்டிய இடத்தில் ஈரமாக இருப்பது இப்போது மகாராஜாவின் வாய் ஒன்றுதான்."

அரசர் சிரித்த சிரிப்பில் ஈரச் சால்வை தோளிலிருந்து நழுவித் தொப்பென்று விழுந்தது. மாடி அந்த நான்கு பெண்களுக்கே என்று அந்த இடத்திலேயே வாயால் சொன்னார், கூலியையும் கூட்டிக் கொடுத்தார். கொழுந்தப்பருக்கும் மாடியில் ஒரு வேலை கிடைத்தது. கோடை முடியும்வரை வடகத்தைக் கொத்த வரும் புறாக்களை அவர்தான் விரட்டினார்.