கணப்பின் மேல் பல்லி செய்த சத்தியம்

பல்லிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மேல்மலையில் பூவாயி என்று ஒருத்தி இருந்தாள். மேல்மலைக் குளிர் சாமானியக் குளிர் இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் வெயில் என்பது காதால் கேட்கிற சங்கதியாகிவிடும். அதனால் அங்கே ஒவ்வொரு வீட்டு நடுவிலும் குழி வெட்டி, சுற்றிக் கல் பதித்து, கணப்பு மூட்டி வைப்பார்கள். புகை போகக் கூரை முகட்டில் ஒரு துவாரம் இருக்கும். மழை அடித்தால் கீழேயிருந்து நீளக் கழியால் தள்ளி மூடிக்கொள்ள அதற்கு ஒரு பலகையும் உண்டு.

பூவாயி வீட்டு முகட்டில் பல்லி ஒன்று குடியிருந்தது. புகை எப்போது நேராக ஏறும், எப்போது மடங்கித் திரும்பும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. தெரிந்ததோடு நிறுத்திக்கொள்ளுமா? விடிந்ததிலிருந்து ஓயாது.

"பூவாயி, அந்த விறகு பச்சை. வெட்டி ஒரு மாசம்கூட ஆகல. உள்ளே தண்ணி அப்படியே இருக்கு. எரிச்சா சூடு வராது, புகைதான் வரும்."

"சரி."

"மொத்தமா அடுக்காதே. நாலு சிராய் வச்சு, சின்னதா பளிச்சுனு எரியவிடு. அமுக்கி வச்சா அடியில காத்து போகாது."

"சரிங்கிறேன்ல?"

"விறகுக் கட்டை இவ்வளவு கிட்டவா சாத்தி வைப்பாங்க? ஒரு பொறி பறந்தா என்ன ஆகும்?"

"உனக்கு வேற பொழப்பே இல்லையா?"

பல்லி சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. பூவாயிக்கு அதுதான் கூடுதல் எரிச்சல். தப்பாகச் சொன்னால் திருப்பி நாலு கேள்வி கேட்கலாம். சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு ஜீவனை என்ன செய்வது?

அவளுக்கு இருந்த பயமெல்லாம் குளிரைப் பற்றித்தான். போன மழைக்காலத்தில் அவளுடைய மூத்த பிள்ளை குளிர் கண்டு போய்விட்டான். மடியில் அவன் சில்லிட்டுப்போனதை அவளால் மறக்க முடியவில்லை. இப்போது இரண்டாவதாக ஒரு பெண். பிறந்து இன்னும் தலை நிற்கவில்லை. இவளை எப்படியாவது குளிருக்குக் கொடுக்காமல் காப்பாற்றிவிட வேண்டும் என்று இருந்தாள். நெருப்பு தன் பக்கத்து ஆள் என்றே நினைத்திருந்தாள்.

ஒரு நாள் அவள் புருசன் அரப்புலி, தேனைக் கொடுத்து உப்பு வாங்கிவரக் கீழ்நாட்டுக்குப் போயிருந்தான். மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. காற்றும் தூறலுமாகத் துவாரத்தின் வழியே வந்து தூளி மேல் விழுந்தது. கணப்பில் தீ அடங்கி, வெறும் கங்கு கனன்றுகொண்டிருந்தது. பூவாயி குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. உடனே கழியைக் கையில் எடுத்தாள்.

"மூடாதே!" என்றது பல்லி.

"புகையே இல்லையே. கண்ணத் தெறந்து பாரு, வெறும் கங்கு."

"கங்குதான் மோசம், பூவாயி. புகைன்னா கண்ணு எரியும், இருமல் வரும், எந்திரிச்சு ஓடிருவே. கங்கு விடுற மூச்சு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கங்கை வெளிய அள்ளிக் கொட்டிட்டு மூடு. இல்லேன்னா தெறந்தே வை."

"அள்ளிக் கொட்டிட்டா எம்புள்ளைக்குச் சூடு யாரு குடுப்பா? நீயா? உன் ஒடம்பே சில்லுனு கெடக்கு!"

"சொன்னாக் கேளு..."

"போன வருசமும் இப்படித்தான் சொன்னே. தெறந்து வை, தெறந்து வைன்னே. தெறந்துதான் வச்சேன். எம்புள்ள போயிட்டான்."

பிள்ளை போனதற்கும் துவாரத்துக்கும் சம்பந்தமில்லை, அவனைக் கொண்டுபோனது காய்ச்சல் என்று பல்லிக்குத் தெரியும். ஆனால் பெற்றவளிடம் அதை எப்படிச் சொல்வது?

"இனிமே இந்த வீட்டுல நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்தத் தீ மேல சத்தியம் பண்ணு," என்றாள் பூவாயி.

தீயின் மேல் செய்த சத்தியத்தை யாராலும் திருப்பி வாங்க முடியாது. கேட்டவளாலேயே முடியாது. பல்லிக்கும் அது தெரியும். இருந்தாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்டதைத் தட்ட மனமில்லாமல், மெல்லத் தூணில் இறங்கி வந்து, கணப்புக் கல்லில் முன்னங்காலை வைத்தது.

"இந்தத் தீ மேல சத்தியம். இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பூவாயி பலகையைத் தள்ளி மூடினாள். கதவிடுக்கில் வைக்கோலைத் திணித்தாள். வீடு கதகதவென்று ஆயிற்று. குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். அப்பாடா என்றிருந்தது.

கொஞ்சம் தலை கனத்தது. பால் கொடுக்கிற உடம்பு, அசதிதான் என்று நினைத்தாள். மேலேயிருந்து 'ச்சு' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு 'ச்சு, ச்சு, ச்சு' என்று விடாமல் கேட்டது. வார்த்தை இல்லாமலே நச்சரிக்கிறதே, சரியான கள்ளப் பல்லி என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. திட்டலாமென்று பார்த்தால் நாக்குப் புரளவில்லை. அது ஏன் என்று யோசிக்கவும் தோன்றவில்லை. கண் சொருகியது.

பொத்தென்று நெற்றியில் ஏதோ விழுந்தது.

சில்லென்ற சின்ன உடம்பு. திடுக்கிட்டுக் கண் விழித்தாள். பல்லி அவள் நெற்றியிலிருந்து உருண்டு, குழந்தையின் துணிமேல் மல்லாந்து கிடந்தது. குழந்தையின் கன்னம் சூடாக, நல்ல சிவப்பாக இருந்தது. ஆனால் உலுக்கினால் அசையவில்லை. மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. குழந்தையைத் துணியோடு இழுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து போய், கதவை உதைத்தாள். இரண்டாம் உதையில் திறந்துகொண்டது. எந்தக் குளிருக்கு அவ்வளவு பயந்தாளோ, அந்தக் குளிரும் தூறலும் குழந்தையின் முகத்தில் வந்து அடித்தன. குழந்தை முகத்தைச் சுளித்தது. தும்மியது. பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதது. பூவாயியும் அழுதாள், சத்தமே வராமல்.

தூறல் பட்டுப் பல்லியும் புரண்டு எழுந்து, தட்டுத்தடுமாறிக் கதவோரச் சுவரில் ஏறிக்கொண்டது. அங்கிருந்து அவளைப் பார்த்தது. 'பேசு, சாமி. இனி நீ எவ்வளவு வேணும்னாலும் பேசு' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. பல்லியும் வாயைத் திறந்தது. எவ்வளவோ சொல்ல இருந்திருக்கும்.

"ச்சு" என்றது.

தான் வாங்கிய சத்தியம் எப்படிப்பட்டது என்று பூவாயிக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் குரல் இல்லை. ஒரு கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையின் விரலால் ஈரத் தரையைத் தட்டினாள். கேட்டுவிட்டது என்று அதற்கு வேறு எப்படித்தான் சொல்வாள்?

நல்ல சகுனம், கெட்ட சகுனம் என்பதெல்லாம் பிற்பாடு வந்தவர்கள் சேர்த்துக்கொண்டது. அன்று முதல்தான் பல்லி எதைச் சொல்ல நினைத்தாலும் 'ச்சு' என்கிறது. நாமும் பேச்சை அப்படியே நிறுத்தி, விரலால் தரையைத் தட்டி, கேட்டுவிட்டது என்கிறோம்.