நூறு பொன் கேட்ட யாளி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆறு வற்றாத ஒரு நாட்டில் காத்தாயி என்று ஒரு பெண் இருந்தாள். பணியாரம் சுடுவதில் கெட்டிக்காரி. காதில் கிடந்த தோட்டை விற்று அரிசியும் உளுந்தும் வாங்கி, மாவு அரைத்துக்கொண்டு, கடை போடச் சந்தைக்குப் போனாள்.

சந்தை வாசலில் ஒரு கல் யாளி. ஏமாற்றுக்காரர்கள் நுழையக் கூடாது, நூறு பொன் வைத்திருப்பவர்தான் கடை போடலாம் என்று ராஜா சட்டம் போட, மந்திரவாதி ஒருவன் அந்தச் சட்டத்தை யாளியின் வாயில் ஓதி வைத்திருந்தான்.

"நூறு பொன் காட்டு, உள்ளே போ" என்றது யாளி.

"கடை போட்டாத்தானே பொன் வரும்?"

"நூறு பொன் காட்டு, உள்ளே போ."

அந்த நேரம் பார்த்துப் பண்ணையார் மகன் சிங்காரவேலு வந்தான். பொன் மூட்டையைக் காட்டினான், வாசல் திறந்தது. என்ன விற்கப் போகிறான்? அவனுக்கே தெரியாது. உள்ளே போய் ஒரு கடையைப் பிடித்து, அதில் பாய் விரித்துத் தூங்கினான். யாருக்குத்தான் எரிச்சல் வராது, சொல்லுங்கள். வெளியே காத்தாயியின் மாவு புளித்து வீணாய்ப் போனது.

மறுபடி அரைத்தாள். சிங்காரவேலு வீட்டுக்குப் போய், "அண்ணே, அந்த மூட்டையைக் கொஞ்ச நேரம் தாங்க. காட்டிட்டுக் கொண்டாந்துடறேன்" என்று கேட்டாள்.

"எதுக்கு? என் கடையில கூலிக்குச் சுடு" என்று அவன் கொட்டாவி விட்டான். அந்த மாவும் புளித்தது.

மூன்றாவதாக அரைத்தது கடைசி மாவு. அதுவும் வீணானால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. காத்தாயி வாசலுக்கு வெளியிலேயே அடுப்பை மூட்டிவிட்டாள். வாசனை பிடித்து ராஜாவே பல்லக்கை நிறுத்தி இறங்கினார்.

"நடுவழியில் அடுப்பா? உள்ளே போய்க் கடை போடு."

"யாளி விடமாட்டேங்குது, மகாராஜா."

"என்னோடு வா."

"நூறு பொன் காட்டு, உள்ளே போ" என்றது யாளி.

"நான் ராஜா."

"நூறு பொன் காட்டு, உள்ளே போ."

ராஜா மடியைத் தடவினார். எந்த ராஜா மடியில் பொன்னைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்? அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், உதைத்தும் பார்த்தார். கால்தான் வலித்தது.

"எந்த மடையன் போட்ட சட்டம் இது?"

"நீங்க போட்டதுதான், மகாராஜா."

ராஜா தலையில் அடித்துக்கொண்டார். "சரி, அந்த மடையனே சொல்கிறேன். இந்தச் சட்டம் இனி இல்லை. கையில் தொழில் இருந்தால் போதும், முதல் வருஷம் வாடகையும் வேண்டாம்."

போட்டவர் வாயாலேயே சட்டம் போனதும் மந்திரம் முறிந்தது. யாளி கல்லை உதறிச் சோம்பல் முறித்தது. "ஒரே பேச்சைப் பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போச்சு" என்றது.

காத்தாயி உள்ளே போய்க் கடை போட்டாள். ராஜாவுக்கு முதல் பணியாரம் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "என்னை மாதிரி இந்த வாசல்லயே திரும்பிப் போனவங்க எத்தனை பேரோ?"

யாளிக்கு அத்தனை முகமும் ஞாபகம் இருந்தது. ஊர் ஊராக ஓடிக் கதவைத் தட்டிக் கூப்பிட்டது. வந்தவர்கள் கடை போட்டு நன்றாக வாழ்ந்தார்கள். தட்டியும் திறக்க ஆளில்லாத வீடுகளை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.