காத்திருக்க வைக்காத கப்பல்

முதலில் துரோகம் செய்தது வரிசைதான். தம்பி செய்தது அதற்குப் பிறகு. கம்பெனி செய்தது எல்லாவற்றுக்கும் கடைசியில். நாளைக்கு யாராவது இதை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. அதனால் முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

சிரிப்பூர் கம்பெனி என்று ஒரு கம்பெனி இருந்தது. அதற்கு இரண்டு கேளிக்கைப் பூங்காக்கள். ஒன்று கடற்கரையில், இன்னொன்று மலையடிவாரத்தில். இரண்டிலும் தங்குவதற்கு அறைகள் உண்டு, நீச்சல் குளம் உண்டு. இரண்டு வாசலிலும் ஒரே மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு சிமெண்டு யானை நிற்கும். இரண்டுக்கும் ஆளுக்கொரு ஊஞ்சல் கப்பல். பொருட்காட்சியில் சனங்கள் கொலம்பஸ் என்று சொல்வார்களே, முன்னும் பின்னும் ஆடி வயிற்றைக் கலக்குமே, அதுதான்.

இரண்டு கப்பலும் ஒரே பட்டறையில் ஒரே இரும்பில் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் மலைக்குப் போயிற்று. தம்பி கடற்கரைக்குப் போயிற்று.

மலைக்கப்பல் வேலைக்குப் பிறந்தது. ஆட்கள் ஏறியாயிற்றா, கம்பி மாட்டியாயிற்றா, ஆடு. ஆடி முடிந்ததா, இறக்கு, அடுத்தவர்களை ஏற்று. சாரல் விழுந்தால் இருக்கையைத் துடைக்கச் சொல்லி, தன்னை ஓட்டுகிற மாடக்கண்ணுவிடம் முனகும். காசு கொடுத்து வந்தவர்கள் கால் கடுக்க நிற்கக் கூடாது. அதற்கு அது ஒன்றுதான் கொள்கை.

கடல்கப்பல் வேறு பிறவி. கொஞ்சம் ஆடினால் ஓய்வு வேண்டும். "இடுப்பு பிடிச்சிருக்கு, எண்ணெய் போடுங்க" என்று நின்றுவிடும். எண்ணெய் போட்டால், அது ஊறட்டும் என்று மறுபடி நிற்கும். பாதி ஆட்கள் ஏறியதும், மீதிப் பேரை ஏற்றாமல் வேண்டுமென்றே பார்த்துக்கொண்டு நிற்கும்.

இரண்டு பூங்காவுக்கும் சேர்த்துக் கம்பெனி வைத்திருந்தது ஒரே ஒரு வரிசையை. அவளுக்கு எண்ண முடியாத கால்கள். ஒரே நேரத்தில் மலையிலும் நிற்பாள், கடற்கரையிலும் நிற்பாள். கடற்கரையில் கொழுத்துப்போய், வளைந்து வளைந்து, ஐஸ்கிரீம் கடையைத் தாண்டிப் படுத்துக் கிடப்பாள். அங்கே அவளுக்கென்று பச்சை வலைப் பந்தல் போட்டிருந்தார்கள். மின்விசிறி வைத்திருந்தார்கள். சோளப்பொரி விற்கிறவன் அவளைத் தேடி வருவான். மலையில் அவள் குச்சி போல இருப்பாள். வந்து நின்றதும் கப்பல் அவளை ஏற்றிக்கொண்டுவிடும்.

"ஏம்மா வரிசை, இப்படி இளைச்சுப் போயிட்டியே. சாப்பாடு ஒத்துக்கலையா?" என்று மலைக்கப்பல் சிரிக்கும்.

"நீங்க எங்கண்ணே என்னை நிக்க விடுதீங்க?" என்பாள் அவளும் சிரித்தபடி. "உங்க தம்பிகிட்ட நின்னு நின்னு முட்டி தேஞ்சுபோச்சு. உங்களை மாதிரி ஒரு நல்ல மனசு வருமா?"

இதைச் சொன்னவள் அவள்தான். ஒரு தடவை அல்ல, பல தடவை. மாடக்கண்ணு சாட்சி.

ஆனால் ஊர் திரும்பிய சனங்கள் பேசிய பேச்சு வேறாக இருந்தது. மலைப் பூங்காவுக்குப் போனவர்களைக் கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு, எல்லாம் சீக்கிரமா முடிஞ்சுபோச்சு" என்று கொட்டாவி விட்டார்கள். அங்கே கழிப்பறையில் தண்ணீர் வந்தது, இட்லி சூடாக வந்தது, கேட்டதும் அறைச்சாவி கையில் வந்தது. இதெல்லாம் ஒருவர் வாயிலும் வரவில்லை. கடற்கரைக்குப் போனவர்களோ நடுவீதியில் நின்று கையை ஆட்டிச் சொன்னார்கள்: "என்னா கூட்டம்ங்கிறே! கப்பல்ல ஏறுறதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துச்சு!" சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை. வெயிலில் வாட்டியவனுக்குப் புகழ், வாட்டாதவனுக்குக் கொட்டாவி. என்னத்தைச் சொல்வது.

ஒரு நாள் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு பூங்காவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, கூட்டம் இழுக்காத கப்பலைச் சங்கிலி போட்டு நிறுத்திவிடுவது. ஒப்பிட்டுப் பார்க்க நந்தகோபன் என்று ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். கறுப்புக் கண்ணாடியும் கையில் இளநீருமாக அவர் முதலில் கடற்கரைக்குப் போனார். ஐஸ்கிரீம் கடையைத் தாண்டிக் கிடந்த வரிசையைப் பார்த்துப் பூரித்துப்போனார். பிறகு மலைக்கு வந்தார்.

"என்னங்க, ஆளே இல்லையே?" என்றார்.

"எல்லாரும் மேல ஆடுதாங்கள்லா சார்" என்றார் மாடக்கண்ணு.

"நான் நிக்கிறவங்களைக் கேக்கறேன்."

"யாரும் நிக்க வேண்டியதே இல்ல சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

மலைக்கப்பலுக்கு வயிறு கலங்கியது. அது வரை அடுத்தவர் வயிற்றைத்தான் கலக்கியிருக்கிறது. வாசலில் ஒல்லியாக நின்றிருந்த வரிசையைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்று கெஞ்சியது.

அதிகாரியும் அவளிடமே கேட்டார். "ஏம்மா, கடற்கரையில அப்படி இருக்கே, இங்க ஏன் இப்படி? இந்தக் கப்பலைப் பிடிக்கலையா?"

ஒரு வார்த்தை போதும். 'இது என்னை நிற்க வைப்பதில்லை, அதனால் இளைத்திருக்கிறேன்' என்று சொன்னால் போதும். வரிசை வாயைத் திறந்தாள். திறந்தவளுக்குக் கடற்கரைப் பந்தலும் மின்விசிறியும் ஞாபகம் வந்தது. திறந்த வாயை அப்படியே கோணலாக்கி, "என்னத்தைச் சொல்ல சார், நீங்களே பாக்குறீங்களே" என்றாள்.

"பாக்கறேன், பாக்கறேன்" என்றார் அதிகாரி. "பொங்கலுக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா சங்கிலிதான்."

அவர் போனதும் கப்பல் கத்தியது. "ஏம்மா, உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"குறை ஒண்ணும் வைக்கல அண்ணே" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதான் குறை."

பொங்கலும் வந்தது. கப்பல் கலங்குவதைப் பார்த்து மாடக்கண்ணு ஒரு வழி சொன்னார். "வே, இன்னிக்கு ஒரு நாள் உம்ம தம்பி மாதிரி இருந்து பாரும். கொஞ்சம் முனகும், கொஞ்சம் நில்லும். அதிகாரி வந்து பாக்கும்போது நாலு பேரு நின்னா போதும்."

கப்பலுக்கு மனசே இல்லை. ஆனாலும் சங்கிலியை நினைத்து ஒத்துக்கொண்டது. அன்றைக்கு ஒரு தடவை ஆடிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. சனம் சேர்ந்தது. வரிசை கொஞ்சம் சதை போட்டாள். கப்பல் நம்பிக்கையோடு வாசலைப் பார்த்தது.

"ஏங்க, போன தடவை வந்ததும் ஏறினோமே, இப்ப என்ன கேடு வந்துச்சு இதுக்கு?" என்றாள் கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்.

"இத்துப்போன கப்பல். கழட்டிப் போடச் சொல்லு" என்றார் அவள் புருஷன்.

"கம்பெனி கெட்டுப்போச்சு" என்றார் பின்னால் நின்றவர்.

எல்லோரும் கலைந்து நீச்சல் குளத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போகும்போதுதான் அதிகாரி உள்ளே வந்தார். அதே நேரத்தில் கடற்கரையில் தம்பி வெகுநேரம் நின்றுவிட்டு ஒரு முனகலோடு அசைந்ததும், வெயிலில் வெந்த சனம் கைதட்டியது. ஒருவன் விசில்கூட அடித்தான். என்றைக்கும் காக்க வைக்கிறவன் ஒரு தடவை அசைந்தால் விசில். என்றைக்கும் காக்க வைக்காதவன் ஒரு தடவை தாமதித்தால் இத்துப்போனவன்.

அதிகாரி தலையைச் சொறிந்தார். புதுக் கப்பலாக இருந்ததால் சங்கிலி போட மனசு வரவில்லை. "கூட்டம் எங்க இருக்கோ அங்க கொண்டுபோய் வைப்போம். அங்கயும் வரிசை நிக்கலைன்னா அப்புறம் பேச்சே கிடையாது" என்றார்.

மலைக்கப்பலைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். மாடக்கண்ணுவும் கூடவே ஏறிக்கொண்டார். கடற்கரையில் தம்பிக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் பூட்டினார்கள்.

"வாண்ணே, வா" என்றது தம்பி. "உப்புக் காத்து, துருப் பிடிக்காம பாத்துக்க. நீ வந்ததுல எனக்குப் பாதி வேலை குறைஞ்சுது."

"நீ என்னைக்குடா முழு வேலை செஞ்ச?"

"கோவிச்சுக்காத. உனக்குப் பிழைக்கத் தெரியல. ஏறினதும் ஆட்டிவிட்டா அவனுக்கு உன் அருமை எப்படித் தெரியும்? கொஞ்சம் ஏங்க விடணும்."

"ஏங்க விடுறதுக்கா நம்மளைச் செஞ்சாங்க?"

தம்பி கண்ணை மூடிக்கொண்டது. அதற்கு ஓய்வு நேரம் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வந்த முதல் கூட்டத்தை மலைக்கப்பல் வழக்கம்போல ஏற்றி, ஆட்டி, இறக்கிவிட்டது. இறங்கினவர்கள் அடுத்த விளையாட்டுக்கு ஓடிவிட்டார்கள். கப்பல் காலியாக, சுத்தமாக, அடுத்தவருக்காகத் தயாராக நின்றது. பக்கத்தில் தம்பி ஆடாமல் நின்றது. அதன் முன்னால் வரிசை நீண்டு கிடந்தாள்.

அடுத்து ஒரு குடும்பம் வந்தது.

"ஏங்க, அந்தக் கப்பல் காலியாத்தானே இருக்கு? அதுல ஏறிடலாமே" என்றாள் மனைவி.

"காலியா இருக்குன்னா என்ன அர்த்தம்? ஏதோ கோளாறுன்னு அர்த்தம்" என்றார் கணவர். "இத்தனை பேரு இங்க நிக்கிறாங்களே, இவங்கள்லாம் முட்டாளா?"

சந்தேகத்துக்குத் தம்பியையே கேட்டார்கள். "அதா? அது மலையில ஓடாம இங்க வந்தது" என்றது தம்பி. பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

மாடக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. கையை வாயில் குவித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, நிக்க வேண்டாம், உடனே ஏறலாம்!" என்று கூவினார்.

"பாத்தியா, கூவிக் கூவிக் கூப்பிடுறான்" என்று கணவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஐஸ்கிரீம் கடைக்கு அந்தப் பக்கம், வரிசையின் கடைசியில் நின்றார். நின்றதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அன்று முழுக்க இதே கதை. மாடக்கண்ணுவுக்குத் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

மலைக்கப்பல் தம்பியின் முன்னால் வளைந்து கிடந்த வரிசையிடம் தாழ்ந்து பேசியது. "ஏம்மா, நடந்தது நடந்துபோச்சு. அன்னிக்கு அதிகாரிகிட்டச் சொல்லல. இன்னிக்கு இந்தச் சனத்துக்கிட்டயாவது சொல்லு. 'அந்தப் பக்கம் போங்க, அது நல்ல கப்பல்'னு ஒரு வார்த்தை."

"சொல்லிட்டா எல்லாரும் உங்ககிட்ட வந்துருவாங்களே அண்ணே."

"வரட்டுமே!"

"வந்தா ஏத்தி இறக்கிருவீங்க. அப்புறம் நான் எங்க இருப்பேன்?" என்றாள் வரிசை. அவள் குரலில் கொஞ்சம் அழுகை இருந்தது. ஆனால் அழுகையை வைத்து என்ன செய்வது? பந்தல் நிழலில் நின்றுகொண்டு அழுத அழுகை.

அதிகாரி வந்தார், பார்த்தார், கையைக் காட்டினார். மலைக்கப்பலின் இடுப்பில் சங்கிலி விழுந்தது. மாடக்கண்ணுவை வாசலுக்கு அனுப்பி, சிமெண்டு யானையைத் துடைக்கச் சொன்னார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கூட்டம் மேலும் மேலும் பெருகியது. நிற்கிறவர்கள் கால் வலிக்கிறது என்று முணுமுணுத்தார்கள். அதிகாரிக்கு மறுபடியும் யோசனை வந்தது. சங்கிலி போட்ட கப்பலுக்கு மேலே பச்சை வலையை இழுத்துக் கட்டச் சொன்னார். பக்கத்தில் ஒரு பலகை நடச் சொன்னார். 'காத்திருப்போர் இங்கே அமரவும்' என்று அதில் எழுதியிருந்தது.

வரிசை தன் கால்கள் அத்தனையையும் தூக்கிக்கொண்டு மலைக்கப்பலில் ஏறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை இறங்குகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்தாள். சோளப்பொரி கொண்டுவந்து கொடுத்தார்கள். நொறுக்கியது போக மீதி இருக்கையின் இடுக்கில் சிந்தியது.

"எவ்வளவு வசதி பண்ணி வச்சிருக்கான் பாரு, காத்திருக்கிற மனுசங்க மேல இந்தக் கம்பெனிக்கு எவ்வளவு அக்கறை!" என்றார் உட்கார்ந்திருந்த ஒருவர். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். எதிரே தம்பி ஆடாமல் நின்றுகொண்டிருந்தது.

மலைக்கப்பலால் அசைய முடியவில்லை. வாய் மட்டும் இருந்தது.

"இப்ப என் மடியிலேயே உக்காந்திருக்கே" என்றது வரிசையிடம். "இனிமே நீ சொன்னாலும் உன் சதை குறையப் போறதில்ல, நான் ஆடப் போறதும் இல்ல. இப்பவாவது சொல்லு. கூட்டம் நிக்காதது என் குத்தம் இல்லைன்னு, அந்த அதிகாரி காதுல விழுற மாதிரி ஒரு வார்த்தை. அது நீ எனக்குத் தர வேண்டியது."

"யாரு இல்லைன்னா?" என்றாள் வரிசை, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு. "கட்டாயம் சொல்றேன் அண்ணே. முன்னால எத்தனை பேரு இருக்காங்க பாருங்க. உங்க முறை வரட்டும்."

இன்னும் சொல்லவில்லை.