கேளாச் செவியோடு பாட்டைக் காத்தவர்

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில் ஆவுடைச்செல்வி என்னும் அம்மையார் வாழ்ந்துவந்தார். தறிக்காரர் வீட்டில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே தறிக் கொட்டகைக்கு நூலைத் தாராகச் சுற்றப் போனவர். கோமதியம்மனிடத்தும் சங்கரநாராயணரிடத்தும் அவர் வைத்த அன்புக்கு அளவில்லை. விடிந்ததும் குளித்து, கோயிலுக்குப் போய், புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, ஒரு பதிகத்தைச் சன்னமாகப் பாடிய பிறகே வேலைக்குப் போவார். நல்ல குரல்தான். ஆனால் பிறர் கேட்கப் பாடுவதற்கு வெட்கம்.

மணமான பிறகு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ராசாமணி அண்ணாச்சி நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை பெருக்கவும் வருகிறவர்களுக்குத் தேநீர் வாங்கித் தரவும் சேர்ந்தார். கோயில் கொடை விழாப் பாட்டுகளும் கல்யாண வீடியோக்களும் அங்கே திருத்தப்படும். பெருக்கியபடியே பார்த்துப் பார்த்துக் கணினி வேலையையும் பழகிக்கொண்டார். நாளடைவில் பாட்டுத் திருத்துவதும் அவர் வேலையாயிற்று.

பாட்டுப் பதியும் மென்பொருளோடு சேர்த்துப் பொருத்திக்கொள்ளும் சிறு நிரல்கள் உண்டு. பிளகின் என்பார்கள். ஒன்று இரைச்சலை நீக்கும். ஒன்று பிராகாரத்தில் நின்று பாடினாற்போல எதிரொலி சேர்க்கும். ஒன்று ஒற்றைக் குரலைப் பல குரலாக்கும். அந்தக் கூடத்தில் இருந்தவை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியவை. எவரும் எடுத்துக்கொள்ளலாம், எவரும் திருத்தலாம் என்று மூல நிரலோடு இணையத்தில் விட்டுவைத்திருந்தார். பிறகு அவர் என்ன ஆனாரோ, தெரியவில்லை. கணினிகள் மாறின. புதியவற்றில் அந்த நிரல்கள் ஓட மறுத்தன. அவற்றை நம்பிச் செய்த பாட்டுகளும் அவற்றோடு ஊமையாயின.

கூடத்துக்குப் புதுக் கணினி வந்தபோது ஒரு கொடைப் பாட்டு திறக்கவில்லை. அம்மையார் அந்த மூல நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, இணையப் பாடங்களைப் பார்த்து, தப்பும் தவறுமாக மாதக்கணக்கில் முயன்று, கடைசியில் அதை ஓட வைத்தார். ஓடியதை மறுபடியும் இணையத்தில் இட்டார். முகம் அறியாத யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் கைவிடப்பட்ட இன்னொரு நிரல், பிறகு மற்றொன்று. ஒரு கணினி மாறினால் எல்லாவற்றையும் மீண்டும் செப்பனிட வேண்டும். முடிவில்லாத வேலை; கூலியில்லாத வேலை.

"இதுல நமக்கு என்னட்டி கெடைக்குது?" என்று ஒருநாள் கணவர் கோமதிநாயகம் கேட்டார்.

"பூசை இல்லாத கோயில்ல வெளக்கு ஏத்துதோம்லா, அது மாதிரிதான். ஆள் வரலன்னாலும் சாமி உள்ள இருக்குல்லா?"

தறி ஓட்டிப் பிழைத்த அந்த மனிதர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

நாற்பது வயதைத் தாண்டும்போது அம்மையாருக்குக் காது மங்கத் தொடங்கியது. சிறுவயதிலிருந்து கேட்ட தறிச் சத்தம் உள்நரம்பைத் தின்றுவிட்டது என்றார் மருத்துவர். கருவி மாட்டியும் பயனில்லை. முதலில் குயிலின் குரல் போயிற்று. பிறகு கோயில் மணி. ஒருநாள் சன்னதியில் நின்று பதிகம் பாடியபோது தம் குரலே தமக்குக் கேட்காததை உணர்ந்து, பாதியில் நிறுத்தி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மீதியையும் பாடி முடித்தார்.

ராசாமணி அண்ணாச்சி கெட்டவர் அல்லர். ஆனாலும் தொழில் அல்லவா? "காது கேக்காத ஆளை வச்சுப் பாட்டைத் திருத்துதான்னு ஊரே சிரிக்கி தாயி" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டார். அம்மையார் கும்பிட்டுவிட்டு வெளியேறினார். கூடத்தின் பழைய கணினியைத் தமக்குத் தரும்படி மட்டும் கேட்டார். அண்ணாச்சி கொடுத்தார்.

வீட்டில் தொண்டு தொடர்ந்தது. ஒலியின் அலைகளைத் திரையில் கோடுகளாகப் பார்த்தும், ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வை உணர்ந்தும் வேலை செய்தார். ஆனால் ஒருமுறை அவர் திருத்தி வெளியிட்ட நிரலில் ஒரு கீச்சொலி புகுந்துவிட்டது. கையில் அது தட்டுப்படவில்லை. கோடுகளிலும் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. இணையத்தில் வசை மழை பெய்தது. அவர் செவிப்புலன் இழந்தவர் என்பது தெரியவந்ததும் ஏளனம் வேறு. செவிடிக்கு எதற்கு இந்த வேலை என்று தமிழர் ஒருவரே எழுதியிருந்தார்.

அம்மையார் அதைப் படித்துவிட்டு அழுதுகொண்டிருந்தபோது கோமதிநாயகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மனைவியின் முகத்தைத் தம் பக்கம் திருப்பி, உதட்டசைவு தெரிய மெதுவாகச் சொன்னார்:

"நான் கேக்கேன். நீ செய்யி."

அன்றுமுதல் அவரே அம்மையாருக்குச் செவியானார். தறியிலிருந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். கீச்சொலி இருந்தால் அம்மையாரின் உள்ளங்கையைக் கிள்ளுவார். சரியாக இருந்தால் தடவிக் கொடுப்பார். இப்படிச் சில ஆண்டுகள் போயின. அந்தத் தம்பதியருக்குப் பிள்ளை இல்லை. இந்த வேலையே பிள்ளைபோல் இருவருக்கும் நடுவில் வளர்ந்தது.

ஓர் ஆனி மாதத்துப் பகலில் தறிக் கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கோமதிநாயகம் எழவில்லை. கூட வேலை செய்தவர்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். அம்மையாருக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் தட்டிய பிறகு ஒருவர் சுவரேறிக் குதித்து வந்து அவர் தோளைத் தொட்டார்.

காரியம் முடிந்தது, உறவினர் கலைந்தார்கள். துக்க வீட்டார் கோயில் வாசலை மிதிக்கலாகாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால், வாழ்நாள் முழுதும் விடாத தரிசனமும் அற்றுப்போயிற்று. அடுப்பு எரியாத வீட்டில் அம்மையார் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அந்த நாட்களில்தான் திருகோணமலையிலிருந்து பொன்னுத்துரை என்பவர் இணையவழி எழுதினார். அவருடைய ஒரே மகள் தர்மினி காய்ச்சலில் போய்விட்டாளாம். தானே பல குரலில் பாடிச் சேர்த்த பாட்டொன்று அவளுடைய கணினியில் இருந்ததாம். அந்தக் கணினி பழுதாகி, பாட்டைப் புதியதில் ஏற்றித் திறந்தால், பழைய பிளகினைத் தேடி எல்லாமே நின்றுவிடுகிறதாம். 'பிள்ளையின்ர குரல் வேற எங்களிட்ட இல்லை, அம்மா. ஏலுமெண்டால் பாருங்கோ' என்று முடித்து, பாட்டின் கோப்பையும் இணைத்திருந்தார்.

அம்மையார் எழுந்து முகம் கழுவினார். கண்ணீர் திரையை மறைக்க மறைக்கத் துடைத்துக்கொண்டு வேலை செய்தார். நிரல் ஓடியது; பாட்டும் திறந்தது. ஆனால் அது பிழையில்லாமல் ஒலிக்கிறதா? பெற்றவன் கேட்கப் போகும் குரல். கிள்ளவோ தடவவோ இனி யார் இருக்கிறார்கள்? வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டியவர், நீட்டிய கையைப் பார்த்துக் கதறி அழுதார்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. காவி வேட்டி கட்டிய முதியவர் ஒருவர் நின்றிருந்தார்.

"குடிக்கத் தண்ணி தருவியா தாயி?"

மோராகவே கொண்டுவந்து கொடுத்த அம்மையார், துக்கத்தில் கூச்சம் மறந்து, "ஐயா, ஒரு பாட்டு இருக்கு. அதுல கீச்சுன்னு எதும் கேக்குதான்னு சொல்லுவியளா? எனக்குக் காது கேக்காது" என்றார்.

முதியவர் கணினியின் முன் அமர்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "இந்த எடத்துல லேசா ஒரு கீச்சு" என்றார். அம்மையார் திருத்தினார். "இப்பம் எதிரொலி கூடிட்டு." அதையும் திருத்தினார். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை முழுவதும் கேட்டார். அம்மையார் அடுக்களையில் இன்னும் கொஞ்சம் மோர் கலக்கிக்கொண்டிருந்தபோது, முன்னறையிலிருந்து, "பிள்ள நல்லாப் பாடுதா தாயி. ஒரு கொறையும் இல்ல. அனுப்பிரு" என்றார்.

"சரிங்கய்யா, இந்தா வாரேன்" என்று மறுமொழி சொன்ன அம்மையாரின் கையிலிருந்து செம்பு நழுவியது.

அடுக்களைக்கும் முன்னறைக்கும் இடையே சுவர் இருந்தது. முதியவரின் உதட்டை அம்மையார் பார்க்கவில்லை. கேட்டது! முதியவர் வாசலில் தண்ணீர் கேட்டது முதல் எல்லாமே காதில் விழுந்தது. ஓடிவந்து பார்த்தார். நாற்காலியில் யாரும் இல்லை. ஹெட்போனின் இரண்டு பக்கமும் கண்ணீரால் நனைந்திருந்தன. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை எடுத்துத் தம் காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கீழே கிடந்த செம்பைக் காலால் தட்டிப் பார்த்தார். அதுவும் கேட்கவில்லை.

"எம்பெருமானே, நீயா வந்தே! நான் அறியலியே!" என்று தரையில் விழுந்தார். அதன்பின்தான் நெஞ்சைப் பிளக்கும் நினைவு வந்தது. கணவர் வேலையிடத்திலிருந்து தெரிந்தவர்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் அவருடைய கைபேசியில் அப்படியே இருந்தன. செவி திறந்திருந்த அந்தச் சிறுபொழுதில் ஒன்றையாவது போட்டுக் கேட்டிருக்கலாமே! தெரியாமல் போயிற்றே! கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தி சாயும்வரை அழுதார். பிறகு எழுந்து, பாட்டைத் திருகோணமலைக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள் பதில் வந்தது. 'பிள்ளை பாடுறா, அம்மா. என்ர மனுசி, பிள்ளையின்ர அம்மா, இப்பதான் வாய்விட்டு அழுதவ. வீட்டில எல்லாரும் கேட்டுக்கொண்டு இருக்கிறம்.'

அம்மையார் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டை இட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, செப்பனிடப்படாமல் கிடந்த அடுத்த நிரலைத் திறந்தார்.

தமக்கென்று ஒரு சொல்லும் கேளாமல், பிறர் வீட்டுக் குரலை மீட்டுத் தந்த ஆவுடைச்செல்வி அம்மையாரின் மலரடிகள் நம் நெஞ்சில் என்றும் இருக்கட்டும்.