காலிக் குவியலில் ஒருவர்

"மேடம், இது செங்கல்லுக்கெல்லாம் உயிர் இருக்குன்னு சொல்லுது. இனிமே என்னால முடியாது."

எபனேசர் கத்தியது பட்டறை வாசல் வரை கேட்டது. அங்கே நின்று பித்தளைக் குழாய் ஒன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்த வைகுந்தவல்லி நிமிரவில்லை.

எபனேசருக்கு ஐம்பத்துநான்கு வயது. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான வைகுந்தவல்லியிடம்தான் மைக்ரோவேவ் அலைக் கருவி வேலை கற்பேன் என்று பிடிவாதமாக வந்து சேர்ந்தவர். கெட்டிக்காரர்தான். ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்காது.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு கையடக்கக் கருவி. இடிந்த கட்டடத்துக்குள் அலையை அனுப்பும். உள்ளே யாராவது மூச்சு விட்டால் போதும், திரும்பி வரும் அலை மாறி மீட்டரில் முள் ஆடும்.

மூன்று மாதமாக அடைகாக்கும் கோழி மாதிரி அதைவிட்டு அவர் நகரவே இல்லை. சாப்பாடுகூடக் கருவிக்குப் பின்னால் நின்றபடிதான்.

"நாலு மணிக்குக் கமிட்டி வருது மேடம். சோதனைக்குக் கொட்டி வெச்ச காலிச் செங்கல் குவியல்ல முள் ஆடுச்சுன்னா திட்டத்தையே மூடிடுவாங்க."

"மூடட்டும்."

"மூடினாக்கூடப் பரவாயில்ல. இதை நம்பி ஆள் இல்லாத இடத்தைத் தோண்டிட்டிருந்தா, பக்கத்துலயே ஒருத்தன் செத்துப்போவான் மேடம்."

வைகுந்தவல்லியின் அரம் ஒரு கணம் நின்றது.

"குவியலுக்குள்ள யாருமே இல்லியா சார்?"

"நான்தானே கொட்டினேன்! ஒரு எலிகூட இல்ல."

"என்னென்ன மாத்தினீங்க?"

எபனேசர் விரல் விட்டு எண்ணினார். அலையை எழுப்பும் பகுதியை மூன்று முறை மாற்றியாயிற்று. அலை போகும் குழாயைப் புதிதாகச் செய்தாயிற்று. மூட்டுகளைப் பிரித்து மறுபடி முடுக்கியாயிற்று. கடைசியில் மீட்டரையே மாற்றிப் பார்த்தாயிற்று.

"முள் நிமிஷத்துக்கு எத்தனை தடவை ஆடுது?"

அவர் கருவிக்குப் பின்னால் குனிந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"இருபது."

"கேட் வரைக்கும் ஓடிட்டு வாங்க."

"என்னது?"

"ஓடிட்டு வாங்க சார்."

எபனேசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வயதில், இந்த வெயிலில், இவ்வளவு நெருக்கடியில் விளையாட்டா? ஆனாலும் ஓடினார். திரும்பி வந்து முழங்காலில் கை ஊன்றி மீட்டரைப் பார்த்தார்.

"இப்ப எத்தனை?" வைகுந்தவல்லி வாசலைவிட்டு அசையவில்லை.

"முப்பத்தெட்டு." எபனேசர் முள்ளையே வெறித்தார். "செங்கல்லுக்கு எதுக்கு மேடம் மூச்சு வாங்குது?"

"போன வருஷம் செஞ்ச கருவிலயும் இப்படி ஆடுச்சா?"

"இல்ல. அப்ப ஹார்ன் நீளமா இருந்துச்சு."

ஹார்ன் என்பது குழாயின் முனையில் புனல்போல விரியும் வாய்.

"இப்ப?"

"கைக்கு அடக்கமா இருக்கணுமேன்னு நான்தான் பாதி நீளத்துல வேற ஒண்ணு செஞ்சு மாட்டினேன்."

"நீள ஹார்ன் எங்க பாக்கும்?"

"முன்னால மட்டும்."

"குட்டை ஹார்ன்?"

"பின்னாலயும்..." எபனேசர் கருவிக்குப் பின்னால் தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

பிறகு மூச்சை இழுத்துப் பிடித்தார்.

முள் ஒருமுறை ஆடியது. தயங்கியது. சுழியத்தில் படுத்துக்கொண்டது.

கன்னம் உப்பி, முகம் சிவக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். முள் அசையவே இல்லை.

மணி மூன்று பத்து. பழைய நீள ஹார்ன் மேசைக்கு அடியில் பெட்டியில்தான் கிடந்தது. ஸ்பேனர் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

எபனேசரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தார்.

முள்ளும் துள்ளித் துள்ளி ஆடியது.