மறைத்தவர்கள் மூன்று பேர்

ஒரே செய்தியை மூன்று பேர் மறைத்த கதை இது. எத்தனை முறை யோசித்தும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

புயல் மழையில் தரையிறங்கிய பயணிகள் விமானம் ஓடுபாதையில் வழுக்கி, சுற்றுச்சுவரில் மோதிப் பிளந்தது. அதில் வந்தவர்கள் அண்ணன் சண்முகராஜும் தம்பி தில்லைநாதனும். அவர்களை அழைத்துப்போக வந்த அண்ணன் மனைவி கற்பகவல்லியும் தம்பி மனைவி நாச்சியாரும் விமான நிலையத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

மதியம் விமான நிலைய அதிகாரி டேனியலிடம் பயணிகளின் நிலை பற்றிய பட்டியல் வந்தது. நம் ஊர்க்காரர்கள் டிக்கெட்டில் அப்பா பெயரைத்தானே கடைசிப் பெயராகப் போடுகிறோம்? பட்டியல் எழுதியவர் அவசரத்தில் அதை மட்டும் எழுதியிருந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பா பெயர் குழந்தைவேலு. காயமடைந்தவர்களில் ஒரு குழந்தைவேலு. இறந்தவர்களில் ஒரு குழந்தைவேலு. டேனியல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "விவரம் தெளிவா வரலைம்மா. வேன்ல ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்."

வேனில் கற்பகவல்லி சிரிக்கப் பார்த்தாள். "ஜன்னல் சீட்டுக்கு ரெண்டு பேரும் மல்லுக்கு நின்னிருப்பாங்க. உன் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கிற ஆளா?"

அப்போது நாச்சியாரின் செல்போன் ஒலித்தது. ஒரு நர்ஸின் போனிலிருந்து தில்லைநாதன் பேசினான். "நான் இருக்கேன். அண்ணன் போயிட்டான். மதினிகிட்ட சொல்லிடாத, நான் நேர்ல சொல்லிக்கிறேன்."

"யாருடி?"

"ராங் நம்பர்க்கா."

கற்பகவல்லி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "காலையிலேருந்து பட்டினியா கெடக்க. தின்னு." நாச்சியார் தின்றாள். தண்ணீர் தேங்கிய சாலையில் வேன் போய்ச்சேர ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கற்பகவல்லி இரண்டு பேருக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் தில்லைநாதன் மதினியிடம் அழுதுகொண்டே சொன்னான். கற்பகவல்லி கேட்டது ஒன்றுதான். "நாச்சியாருக்கு எப்பத் தெரியும்?"

"வேன்ல வரும்போதே சொன்னேன், மதினி."

அதன்பிறகு கற்பகவல்லி டேனியலோடு பேசினாள், கொழுந்தனோடு பேசினாள். நாச்சியாரோடு மட்டும் இன்றுவரை பேசவில்லை.

மறைத்தவர்கள் மூன்று பேர். கோபம் ஒருத்திமேல் மட்டும். இது நியாயமா?

விடை: நியாயம்தான் என்று தோன்றுகிறது. டேனியலுக்கு இறந்தது யாரென்று தெரியாது. தில்லைநாதன் தானே சொல்வதற்காக மறைத்தான், சொல்லியும்விட்டான். நாச்சியார் எல்லாம் தெரிந்தும், பக்கத்தில் இருந்தவளைப் போய்விட்ட உயிருக்காக வேண்ட விட்டாள். ஆனால் ஓடுகிற வேனில் அந்தச் செய்தியை எந்த வார்த்தையில் தொடங்கியிருக்க வேண்டும் என்று நாச்சியார் கேட்டால், என்னிடம் விடை இல்லை.